லினக்ஸில் புதிய பணிமேடை: கறுத்த திரையைக் கண்டு வன்தட்டை அழிக்கலாமா?

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. தனிப்பட்ட பாவனையாளர்களுக்கென அறிவிக்கப்பட்ட மேலதிகப் பாதுகாப்புத் திட்டமும் ஓராண்டுக்கு உரியதாகவே, அதாவது 2026 ஒக்டோபர் 13 வரையானதாகவே அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11 இற்கு மாறுவதாயின் ரி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு இருத்தல் வேண்டும். இன்டெல் வகைக் கணினியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியோ அதற்குப் பிற்பட்டதோ தேவை. எட்டாம் தலைமுறைச் செயலிகள் சந்தைக்கு வந்ததே 2017இல்தான். அதற்கு முன்னர் வாங்கப்பட்ட கணினிகளுள் மிகப் பெரும்பாலானவை, எவ்விதப் பழுதுமின்றி இயங்கிக்கொண்டிருந்த போதிலும், இந்த வாயிலைக் கடக்க இயலாதவை.

நமது நாட்டில் இத்தகைய கணினிகள் வீட்டுக்கு வீடு உள்ளன. 2022ஆம் ஆண்டில் அமெரிக்க டொலரொன்றின் பெறுமதி இரண்டு மூன்று மாதங்களுக்குள் 200 ரூபாவளவிலிருந்து 360 ரூபாவைத் தொட்டபோது, புதிய கணினி வாங்கும் எண்ணத்தைக் கைவிட்ட குடும்பங்கள் பல. உயர்தர வகுப்பு மாணவரின் பழைய மடிக்கணினி, சந்தியிலுள்ள தொடர்பாடல் நிலையத்தின் இரு கணினிகள், பள்ளிவாசல் நிர்வாக சபையின் சந்தாப் பதிவுகளும் ஜனாஸாப் பதிவுகளும் அடங்கிய கணினி, கோயில் திருவிழாத் துண்டுப்பிரசுரங்களை வடிவமைக்கும் சிறு அச்சகத்தின் கணினி என இவற்றை எண்ணிக்கொண்டே போகலாம். இவற்றை வைத்திருப்போர் லினக்ஸின் பக்கம் திரும்புவது இயல்பானதே. அது இலவசமானது, பழைய வன்பொருளிலும் இயங்கக்கூடியது, பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களும் தொடர்ந்து கிடைக்கின்றன.

எனினும், லினக்ஸை நிறுவிச் சில வாரங்கள் பயன்படுத்திய பின்னர், அதன் தோற்றமோ வேகமோ பிடிக்காமல் இன்னொரு பணிமேடையை நிறுவ முற்படும்போதே பலர் இடறுகின்றனர். மீள இயக்கியதும் திரை கறுத்துக் கிடக்கின்றது. அல்லது கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தும் மீண்டும் மீண்டும் புகுபதிகைத் திரையிலேயே வந்து நிற்கின்றது. கணினி திருத்தும் கடைக்குக் கொண்டு சென்றால், 'ஃபோமட் பண்ணத்தான் வேண்டும்' என்பதே முதல் ஆலோசனையாக வருகின்றது. விண்டோஸ் பழக்கத்திலிருந்து பிறந்த இந்த ஆலோசனை லினக்ஸைப் பொறுத்தவரை பெரும்பாலும் தேவையற்றது. பிரதி எடுத்துவைக்கப்படாத கோப்புகள் இருப்பின் அது ஈடுசெய்ய முடியாத நட்டத்தையும் ஏற்படுத்தவல்லது. இவ்வாறு கூறுவதற்கான காரணத்தை விளங்கிக்கொள்ள, லினக்ஸ் கணினியொன்றின் அமைப்பைச் சற்று நோக்குதல் வேண்டும்.

அடுக்கடுக்கான அமைப்பு

லினக்ஸ் என்பது உண்மையில் இயங்குதளத்தின் கருவை மட்டுமே குறிக்கும் பெயராகும். 1991இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய அந்தக் கருவே செயலியையும் நினைவகத்தையும் வன்தட்டையும் ஆள்கின்றது. அதன்மேல் வலையமைப்பு, ஒலி, அச்சுப்பொறி போன்றவற்றைக் கவனிக்கும் சேவைகள் இயங்குகின்றன. திரையில் படம் வரையும் வேலை வேறோர் அடுக்கினுடையது. 1984இல் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் உருவான எக்ஸ் முறைமை நெடுங்காலமாக இப்பணியைச் செய்து வந்தது. 2008இல் தொடங்கப்பட்ட வேலண்ட் இப்போது அதன் இடத்தைப் படிப்படியாகப் பிடித்து வருகின்றது. இதற்கும் மேலே, பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் புகுபதிகை முகாமையாளர் என்னும் தனி மென்பொருள் உள்ளது. அது அனுமதித்த பின்னரே பணிமேடைச் சூழல், அதாவது டெஸ்க்டொப், தோன்றுகின்றது. பட்டியல்கள், சாளரங்களின் ஓரங்கள், கோப்பு முகாமையாளர், கீழ்ப்பட்டை, அமைப்புகளுக்கான பெட்டி ஆகியன யாவும் இந்த மேலடுக்கைச் சேர்ந்தவையே.

இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு குழுவினரால் எழுதப்பட்டவை. ஒன்றை மாற்றும்போது மற்றையவை அப்படியே இருக்கும். பாவனையாளரின் கடிதங்களும் படங்களும் இவை எதனுள்ளும் இல்லை. அவை 'ஹோம்' எனப்படும் தனிக் கோப்புறையில் கிடக்கின்றன. பூசிய வர்ணம் உரிந்துவிட்டது என்பதற்காக எவரும் அத்திவாரத்தைக் கிளறுவதில்லை. பணிமேடை தோன்றவில்லை என்பதற்காக வன்தட்டை அழிப்பதும் ஏறத்தாழ அத்தகைய காரியமே.

பணிமேடைகள் ஏன் இத்தனை என்ற வினா எழலாம். ஜேர்மனியரான மத்தியாஸ் எட்ரிக் கே.டீ.ஈ. திட்டத்தை அறிவித்தது 1996 ஒக்டோபர் 14ஆம் திகதி. (விண்டோஸ் 10 விடைபெற்றதும் அதே திகதியில் என்பது தற்செயலே.) கே.டீ.ஈ. பயன்படுத்திய கியூ.ரி. என்னும் நிரற்றொகுதியின் உரிமம் அக்காலத்தில் முழுமையான சுதந்திர உரிமமாக இருக்கவில்லை. அதனை ஏற்காதோர் 1997இல் க்னோம் திட்டத்தைத் தொடங்கினர். ஒலிவியே ஃபூர்டான் 1996இலேயே ஆரம்பித்திருந்த எக்ஸ்.எஃப்.சி.ஈ. சிக்கனத்தை முதன்மைப்படுத்தித் தன் வழியில் வளர்ந்தது. 2011இல் க்னோம் 3 பழைய தோற்றத்தை முற்றாகக் கைவிட்டபோது, அதை விரும்பாதோரின் முயற்சியால் மாட்டே, சினமன் ஆகிய இரண்டும் பிறந்தன. கே.டீ.ஈ. இன் இன்றைய பணிமேடையான பிளாஸ்மாவின் ஆறாம் பதிப்பு 2024 பெப்ரவரியில் வெளிவந்தது. ஆக, இவை ஒன்றையொன்று விழுங்க வந்த போட்டிப் பொருட்களல்ல. ஒரே கணினியில் இரண்டு மூன்றை அருகருகே வைத்துக்கொள்ளவும் முடியும்.

4 ஜிகாபைட் நினைவகமும் சுழலும் வன்தட்டும் கொண்ட கணினிக்கு எக்ஸ்.எஃப்.சி.ஈ. அல்லது எல்.எக்ஸ்.கியூ.ரி. பொருத்தமானது. 8 ஜிகாபைட்டும் அதற்கு மேலும் இருந்தால் க்னோமும் பிளாஸ்மாவும் சிரமமின்றி இயங்கும். ஆனால் பணிமேடையை மாற்றியதும் கணினி புத்துயிர் பெற்றுவிடும் என எதிர்பார்ப்பது மிகையானது. இணைய உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்தால், எந்தப் பணிமேடையும் அதன் பசியைத் தணிக்காது. சுழலும் வன்தட்டை அகற்றிவிட்டுத் திண்மநிலை வட்டொன்றைப் பொருத்துவது பணிமேடை மாற்றத்தை விடக் கூடிய பயனைத் தரும் என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும்.

நிறுவலுக்கு முன்னும் நிறுவலின் போதும்

தெளிவுக்காக ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2024 ஏப்ரலில் வெளியான உபுண்டு 24.04 ஒரு கணினியில் க்னோம் பணிமேடையுடன் உள்ளது. வேகம் போதவில்லை, எக்ஸ்.எஃப்.சி.ஈ. ஐயும் நிறுவ வேண்டும். டெபியனுக்கும் லினக்ஸ் மின்டுக்கும் முறை ஏறக்குறைய இதுவே.

முதலாவதாக, ஹோம் கோப்புறையை வெளி வட்டொன்றுக்குப் பிரதி எடுத்தல் வேண்டும். இரண்டாவதாக, அப்பணிமேடையைக் கொண்ட லினக்ஸ் ஒன்றை, இங்கு சுபுண்டுவை, பென் ட்ரைவில் ஏற்றி, வன்தட்டில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்த்தல் நன்று. வயர்லெஸ் இணைப்பு, ஒலி, மடிக்கணினியை மூடித் திறக்கும்போது விழித்துக்கொள்ளல் ஆகிய மூன்றும் அதில் சரியாக நடைபெற்றால், நிறுவிய பின்னரும் நடைபெறும் என ஓரளவு நம்பலாம். அந்தப் பென் ட்ரைவை அழித்துவிடாமல் பத்திரப்படுத்திக்கொள்ளல் வேண்டும். அதன் பயன் பின்னர் தெரியவரும்.

அடுத்ததாக இடம். முனையச் சாளரத்தைத் திறந்து, ஆங்கிலத்தில் டி, எஃப் ஆகிய இரு சிற்றெழுத்துகளையும், ஓர் இடைவெளி விட்டுக் கழித்தற்குறியுடன் எச் என்ற எழுத்தையும் தட்டினால், வட்டின் ஒவ்வொரு பகுதியிலும் எஞ்சியுள்ள இடம் பட்டியலாகத் தெரியும். 5 ஜிகாபைட்டாவது வெறுமையாக இருப்பது நல்லது. பதிவிறக்கத்துக்கு நூற்றுக்கணக்கான மெகாபைட் தரவு செலவாகும். எனவே இரவுநேரத் தரவுப் பொதி உள்ளவர்கள் அந்நேரத்தைப் பயன்படுத்தலாம். மின்சாரமும் முக்கியமானது. 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டை அனுபவித்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. யூ.பி.எஸ். இல்லாத மேசைக் கணினியில், இடியும் மழையுமான மாலைப் பொழுதில் நிறுவலைத் தொடங்காதிருப்பதே புத்தி.

நிறுவல் ஒரே கட்டளையில் முடிந்துவிடுகின்றது. உபுண்டுவின் பொதி முகாமையாளரான ஏ.பி.ரி. இடம் 'சுபுண்டு டெஸ்க்டொப்' என்னும் தொகுப்புப் பொதியைக் கேட்டால், பணிமேடையும் அதற்குரிய செயலிகள் அனைத்தும் வந்துசேரும். 'எக்ஸ்.எஃப்.சி.ஈ. 4' என்னும் பொதியைக் கேட்டால் பணிமேடையின் அடிப்படை மட்டும் வரும். ஏற்கெனவே க்னோம் உள்ள கணினிக்குப் பின்னையதே போதுமானது என்பது எமது கருத்து. முன்னையதை நிறுவினால் ஒரே வேலைக்கு இரண்டிரண்டு செயலிகள் பட்டியலில் குவிந்து, வீட்டிலுள்ள ஏனையோரைக் குழப்பும்.

கட்டளையைக் கொடுத்ததும், புதிதாக வரவுள்ளவை இவை, நீக்கப்படவுள்ளவை இவை என ஏ.பி.ரி. ஒரு நீண்ட பட்டியலைக் காட்டி, சம்மதமா எனக் கேட்கும். பெரும்பாலோர் இதனை வாசிப்பதில்லை. வாசிக்க வேண்டியது 'நீக்கப்படவுள்ளவை' என்ற பகுதியை மட்டுமே. அது வெறுமையாக இருந்தால் தொடரலாம். இருக்கின்ற பணிமேடையின் பெயரோ புகுபதிகை முகாமையாளரின் பெயரோ அங்கே காணப்பட்டால், இல்லை என விடையளித்து நிறுத்திவிடல் வேண்டும். வெளியாரின் களஞ்சியங்களைச் சேர்த்து வைத்திருக்கும் கணினிகளிலேயே பொதுவாக இவ்வாறு நேர்கின்றது. அக்களஞ்சியங்களை முடக்கிவிட்டு மீண்டும் முயலலாம்.

இடைநடுவே ஒரு கேள்வித்திரை வருவதுண்டு. இரு புகுபதிகை முகாமையாளர்களுள், அதாவது ஜி.டி.எம்., லைட் டி.எம். ஆகியவற்றுள், எது முதன்மையாக இருக்க வேண்டும் என அது கேட்கும். இத்திரையில் மவுஸ் வேலை செய்யாது. அம்புக்குறி விசைகளால் தெரிவு செய்து, டாப் விசையால் சம்மதக் கட்டத்துக்குச் சென்று, என்டர் விசையை அழுத்த வேண்டும். இதனை அறியாமல், கணினி உறைந்துவிட்டது என எண்ணி மின்னை நிறுத்தியோர் உளர். எதனைத் தெரிவது? ஏற்கெனவே உள்ள ஜி.டி.எம். ஐ முதலில் அப்படியே விட்டுவிடுவது நல்லது. ஒரே நாளில் இரு அடுக்குகளை மாற்றினால், பின்னர் கோளாறு எந்த அடுக்கில் என்று பிரித்தறிவது கடினம். லைட் டி.எம். நினைவகத்தைக் குறைவாகவே பயன்படுத்தும் என்பது உண்மை. புதிய பணிமேடை சரிவர இயங்குவதை ஓரிரு வாரங்கள் கண்ட பின்னர் அதற்கு மாறிக்கொள்ளலாம்.

மின்சாரம் இடையில் நின்றுவிட்டால் அல்லது இணைப்பு அறுந்தால் பொதிகள் அரைகுறையாகக் கிடக்கும். அதற்கும் பரிகாரமுண்டு. டி.பி.கே.ஜி. என்னும் கட்டளைக்கு அதன் 'கொன்ஃபிகர்' தெரிவையும், எல்லாவற்றுக்கும் என்பதைக் குறிக்கும் கழித்தற்குறி ஏ என்பதையும் சேர்த்துக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து அமைக்கத் தொடங்கும். அதன் பின்னரும் குறை இருப்பின், உடைந்த சார்புகளைத் திருத்துமாறு ஏ.பி.ரி. ஐக் கேட்கலாம்.

நிறுவி முடிந்து கணினியை மீள இயக்கியதும், பழைய க்னோமே மீண்டும் வருவதைக் கண்டு, நிறுவல் தோல்வியுற்றது எனப் பலர் முடிவுசெய்கின்றனர். இது கோளாறே அன்று. ஜி.டி.எம். திரையில் பெயரைத் தெரிவு செய்த பின்னர், கடவுச்சொல்லைக் கொடுக்க முன்னர், வலது கீழ்மூலையில் பற்சக்கரச் சின்னம் ஒன்று தோன்றும். அதை அழுத்தினால் இருக்கின்ற பணிமேடைகளின் பெயர்கள் வரிசையாக வரும். எக்ஸ்.எஃப்.சி.ஈ. ஐ ஒருமுறை தெரிந்தால் போதும்; அடுத்த முறை அதுவே வரும்.

திரை கறுத்தால்

இனி, உண்மையாகவே கோளாறு ஏற்பட்ட நிலையைப் பார்ப்போம். திரை கறுத்து, மவுஸின் அம்பு மட்டும் தெரிகின்றது, அல்லது அதுவும் இல்லை. மின்பொத்தானை அழுத்திப் பிடிப்பதற்கு முன்னர் கொன்ட்ரோல், ஒல்ட், எஃப் 3 ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்திப் பார்த்தல் வேண்டும். சில மடிக்கணினிகளில் எஃப்.என். விசையையும் சேர்க்க நேரிடும். வெறும் எழுத்துகளாலான திரையொன்று தோன்றிப் பெயரைக் கேட்டால், பாதிக் கவலை தீர்ந்தது. கரு இயங்குகின்றது; வன்தட்டு வாசிக்கப்படுகின்றது; கோப்புகள் இருக்கின்றன. பழுது மேலடுக்குகளில் மட்டுமே. பெயரைக் கொடுத்துக் கடவுச்சொல்லைத் தட்டும்போது திரையில் நட்சத்திரக் குறிகூடத் தோன்றாது. அது இயல்பு. தட்டி முடித்து என்டர் விசையை அழுத்தினால் உள்ளே செல்லலாம்.

உள்ளே சென்றதும் முதலிற் பார்க்க வேண்டியது வட்டில் இடம் உள்ளதா என்பதையே. மேலே கூறிய டி.எஃப். கட்டளை இங்கும் உதவும். வட்டு முழுவதும் நிரம்பிய கணினியில், பணிமேடை தன் தற்காலிகக் கோப்புகளை எழுத முடியாமல் புகுபதிகைத் திரைக்கே திரும்பிவிடும். பதிவிறக்கிய பொதிகளின் மிச்சங்களை ஏ.பி.ரி. இன் 'கிளீன்' கட்டளையால் துடைத்தாலே சில வேளைகளில் இது தீர்ந்துவிடுகின்றது.

இடம் போதியதாயின், அடுத்த கேள்வி: பழைய பணிமேடை இயங்குகின்றதா? கணினியை மீள இயக்கி, புகுபதிகைத் திரையில் க்னோமைத் தெரிந்து பார்க்கலாம். க்னோம் வழமைபோல் வந்தால், வரைகலை அடுக்கும் புகுபதிகை முகாமையாளரும் குற்றமற்றவை, பழுது எக்ஸ்.எஃப்.சி.ஈ. இலோ அதன் அமைவுக் கோப்புகளிலோ உள்ளது. இவ்விரண்டையும் பிரித்தறிய எளிய வழி, புதிய பாவனையாளர் கணக்கொன்றை உருவாக்கி அதனூடாகப் புகுந்து பார்ப்பதாகும். புதிய கணக்கில் எக்ஸ்.எஃப்.சி.ஈ. ஒழுங்காக வந்தால், மென்பொருளில் குறையில்லை. பழைய கணக்கின் அமைவுக் கோப்புகளே கெட்டுள்ளன என்பது தெளிவாகும். இந்த ஒரு சோதனை பல மணிநேரத் தடுமாற்றத்தை மிச்சப்படுத்தும். ஆயினும் திருத்துவோரிற் பலர் இதனைச் செய்வதில்லை.

அமைவுகள் கெட்டிருப்பின், ஹோம் கோப்புறையினுள் புள்ளியில் தொடங்கும் 'கொன்ஃபிக்' என்னும் மறைவான கோப்புறைக்குள்ளே எக்ஸ்.எஃப்.சி.ஈ. 4 என்ற உட்கோப்புறை இருக்கும். அதனை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிட்டால், அடுத்த முறை புகும்போது பணிமேடை புத்தம் புதிய அமைவுகளைத் தானே உருவாக்கிக்கொள்ளும். முன்னைய அமர்வின் நினைவு 'கேஷ்' என்னும் மறைவான கோப்புறையிலுள்ள 'செஷன்ஸ்' என்ற உட்கோப்புறையில் இருக்கும். அதனையும் அவ்வாறே செய்யலாம். பெயர் மாற்றம் என்பது எப்போதும் மீளப்பெறக்கூடியது. அழித்தல் அவ்வாறன்று.

லைட் டி.எம். க்கு மாறியோர் அடிக்கடி சந்திக்கும் இன்னொரு கோளாறு உண்டு. கடவுச்சொல் சரி, திரை ஒரு கணம் கறுக்கின்றது, மீண்டும் புகுபதிகைத் திரை. ஹோம் கோப்புறையில் 'எக்ஸ் ஒதோரிட்டி' என்றொரு மறைவான கோப்பு இருக்கும். நிர்வாகி அதிகாரத்துடன் வரைகலைச் செயலி எதையேனும் இயக்கியிருந்தால், அக்கோப்பின் உரிமை பாவனையாளரிடமிருந்து நிர்வாகிக்குக் கைமாறியிருக்கக்கூடும். தன் வீட்டுச் சாவி பிறர் பெயரில் இருக்கும் நிலை இது. உரிமையைத் திருப்பிக் கொடுத்தாலோ அக்கோப்பின் பெயரை மாற்றிவிட்டாலோ போதும்.

காரணம் பிடிபடாத போது பதிவேட்டைப் பார்க்க வேண்டும். ஜேர்னல்சிடிஎல் என்னும் கட்டளைக்குக் கழித்தற்குறியுடன் பி என்ற எழுத்தைச் சேர்த்தால், கணினி இம்முறை இயங்கத் தொடங்கியது முதல் நடந்தவை யாவும் வரிவரியாக வரும். சிவப்பு நிறத்திலுள்ள வரிகளெல்லாம் குற்றவாளிகளல்ல. நல்ல நிலையிலுள்ள கணினியிலும் அத்தகைய வரிகள் சில இருக்கும். திரை கறுத்த நேரத்தை ஒட்டிய வரிகளே கவனத்துக்குரியவை. அவற்றைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால், விடயம் அறிந்தவரிடம் காட்டலாம். 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொல்வதிலும் பார்க்க இது பன்மடங்கு பயனுள்ளது.

எழுத்துத் திரையே வரவில்லை என்றால் சந்தேகம் வரைகலை அட்டையின் இயக்கி மீது திரும்புகின்றது. என்விடியா அட்டை உள்ள கணினிகளில் இது கூடுதல். கணினி தொடங்கும்போது ஷிஃப்ட் விசையை, புதிய வகைக் கணினியாயின் எஸ்கேப் விசையை, அழுத்தினால் க்ரப் என்னும் தொடக்கப் பட்டியல் தோன்றும். அதில் மேலதிகத் தெரிவுகள் என்ற பிரிவில் முன்னைய கருவைத் தெரிந்து இயக்கிப் பார்க்கலாம். அண்மையில் கரு இற்றைப்படுத்தப்பட்டதே கோளாறுக்குக் காரணமாயின் இதனால் தெரிந்துவிடும். அதுவும் கைகொடுக்காவிடின், பட்டியலில் ஈ என்ற எழுத்தை அழுத்தி, லினக்ஸ் எனத் தொடங்கும் வரியின் இறுதியில் 'நோமோட்செட்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்து, எஃப் 10 விசையால் இயக்கலாம். அந்த ஒரு முறைக்கு மட்டும் கணினி எளிமையான வரைகலையுடன் எழும்பும். இயக்கியைச் சீர்செய்ய அது போதும்.

என்விடியா இயக்கியை நிறுவும்போது 'செக்கியூர் பூட்' இயங்கும் கணினிகளில் ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்வார்கள். அடுத்த முறை இயக்கியதும் நீலத்திரை ஒன்று சில விநாடிகள் தோன்றி அதே கடவுச்சொல்லைக் கேட்கும். விண்டோஸின் நீலத்திரையை நினைத்துப் பயந்து அதனைக் கடந்துவிட்டால், இயக்கி ஏற்கப்படாமலேயே போய்விடும்.

வேலண்டின் காரணமாகவும் பழைய வரைகலை அட்டைகளில் தடுமாற்றம் ஏற்படலாம். உபுண்டு 24.04இல் 'உபுண்டு ஒன் சோர்க்' என்ற தெரிவின் மூலம் க்னோமைப் பழைய எக்ஸ் முறைமையில் இயக்க முடியும். 2025 ஒக்டோபரில் வெளியான 25.10இல் இத்தெரிவு நீக்கப்பட்டுவிட்டது. பழைய கணினி வைத்திருப்போர் அவசரப்பட்டு ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் தாவாமல், நீண்டகால ஆதரவுப் பதிப்பிலேயே நிற்பதற்கு இதுவும் ஒரு நியாயம்.

இவை எதுவும் பலிக்காத கணினியும் இருக்கக்கூடும். அப்போதுதான் முன்னர் பத்திரப்படுத்திய பென் ட்ரைவ் உதவிக்கு வருகின்றது. அதிலிருந்து கணினியை இயக்கி, வன்தட்டைத் திறந்து, ஹோம் கோப்புறையிலுள்ள அனைத்தையும் வெளி வட்டொன்றுக்குப் பிரதி எடுக்கலாம். வன்தட்டு மறைகுறியாக்கப்பட்டிருந்தால் அதற்குரிய கடவுத்தொடர் வேண்டும். அது இல்லாமல் எவராலும் திறக்க முடியாது. அவ்வாறு பிரதி எடுத்த பின்னரே மீள நிறுவுதல் பற்றிய பேச்சு. கணினியைத் திருத்தக் கொடுப்போர், பிரதி எடுக்காமல் எதையும் அழிக்கக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தமிழும் அரபும் தட்டும்போது

பணிமேடை ஒழுங்காக வந்துவிட்டது. ஆனால் தமிழில் தட்டச்சிட முடியவில்லை. நம்மவர்கள் எதிர்கொள்ளும் தனிப்பட்ட சிக்கல் இது. க்னோமில் ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருள் பணிமேடையுடன் இணைந்தே இயங்குகின்றது. எக்ஸ்.எஃப்.சி.ஈ. இல் அவ்வாறில்லை. அதனைத் தனியாகத் தொடக்க வேண்டும். உபுண்டுவிலும் டெபியனிலும் 'ஐ.எம். கொன்ஃபிக்' என்ற கருவியைத் திறந்து ஐபஸைத் தெரிந்து, வெளியேறி மீளப் புகுந்தால் சரியாகிவிடும். ஐபஸுடன் எம் 17 என் என்ற துணைப்பொதியையும் நிறுவினால், தமிழ் 99, ஒலிப்பு முறை, தட்டச்சுப் பொறி முறை ஆகியவற்றோடு, இலங்கையில் நன்கு அறியப்பட்ட ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை. விசைப்பலகைப் பட்டியலில் தமிழையோ அரபையோ முதலாவதாக வைத்தால், புகுபதிகைத் திரையும் அதே விசைப்பலகையை எடுத்துக்கொள்ளக்கூடும். ஆங்கிலத்தில் அமைத்த கடவுச்சொல் அங்கே தவறெனத் திருப்பியனுப்பப்படும். கடவுச்சொல் மறந்துவிட்டது என்று கருதி ஃபோமட் வரை சென்றுவிடக்கூடிய சம்பவம் இது. ஆங்கிலத்தை முதலாவதாகவும் ஏனையவற்றை அடுத்தும் வைத்துக்கொண்டால் இந்த அவதி இல்லை.

எழுத்துகளுக்குப் பதிலாக வெறும் கட்டங்கள் தெரிந்தால், எழுத்துரு இல்லை என்பது பொருள். நோட்டோ எழுத்துருத் தொகுதியை நிறுவினால் தமிழும் அரபும் ஒருங்கே சரியாகத் தெரியும். தமிழ்க் கடிதத்தின் நடுவே அரபு வரிகளைச் சேர்க்கும் மத்ரஸாக்களும் பள்ளிவாசல் அலுவலகங்களும் லிப்ரே ஒஃபிஸின் மொழி அமைப்பில் சிக்கலான எழுத்து அமைப்பு என்னும் தெரிவை இயக்குதல் வேண்டும். தமிழ், அரபு இரண்டும் அந்த ஒரே வகுப்பினுள் அடங்குகின்றன. ஆகையால், தமிழுக்கென ஓர் எழுத்துருவைத் தெரியும்போது அது அரபுக்கும் பொருந்த முனையும். அரபு வரிகளைத் தெரிந்து அவற்றுக்குத் தனி எழுத்துருவைக் கொடுப்பதே தீர்வு.

பாமினியில் தட்டிய பழைய கோப்புகளின் கதை வேறு. திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. கோப்பு கெட்டுவிடவில்லை, பணிமேடையிலும் பழுதில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் உருவங்களைப் பொதித்த எழுத்துரு பாமினி. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் அடியிலுள்ள ஆங்கில எழுத்துகள் வெளிப்படுகின்றன, அவ்வளவே. பழைய கணினியிலுள்ள பாமினி எழுத்துருக் கோப்பைப் புதிய பணிமேடையின் எழுத்துருக் கோப்புறைக்குள் இட்டால் ஆவணம் முன்போலவே தெரியும். ஆயினும் இணையத்தில் தேடவும் மின்னஞ்சலில் அனுப்பவும் வேண்டிய ஆவணங்களை யுனிகோட்டுக்கு மாற்றிக்கொள்வதே முறை. அதற்கான மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் கொம்புகளும் ஆங்கிலச் சொற்களும் சரியாக உள்ளனவா என ஒருமுறை வாசித்துப் பார்த்தல் அவசியம்.

இனி எஞ்சுவது பழைய பணிமேடையை என்ன செய்வது என்பதே. புதியது பிடித்துவிட்டால் க்னோமை உடனே அகற்றிவிட வேண்டுமென்ற ஆர்வம் எழும். ஒரு மாதமாவது பொறுத்திருத்தல் நன்று. வேறொரு பணிமேடை அருகில் இருக்கும்வரை, மேலே கூறிய பரிசோதனைகளைச் செய்வது எளிது. அகற்றும்போதும், தேவையற்றவற்றைத் தானாக நீக்கும் கட்டளை காட்டும் பட்டியலை வாசித்த பின்னரே சம்மதித்தல் வேண்டும். க்னோமுடன் சேர்த்து வலையமைப்புச் சின்னத்துக்கான பொதியும் நீக்கப்பட்டு, இணைய இணைப்பே இல்லாதது போன்ற தோற்றம் ஏற்படுவதுண்டு. அவ்வாறு நேர்ந்தால், முனையத்தில் என்.எம்.ரி.யூ.ஐ. என்ற ஐந்து எழுத்துகளைச் சிற்றெழுத்தில் தட்டினால், சின்னம் இல்லாமலேயே வயர்லெஸ் வலையமைப்பைத் தெரிவு செய்யும் பட்டியல் ஒன்று திறக்கும். அதனூடாக இணைந்து, விடுபட்ட பொதியை மீள நிறுவிக்கொள்ளலாம்.